அடுப்படிச் சன்னலில் இருந்த மருந்து

விஷம் குடித்தவர்களைச் சேர்க்கும் வார்டில் வேலை பார்த்தே அந்த நர்ஸுக்குத் தலை நரைத்துவிட்டது. வயிற்றைக் கழுவக் குழாய் போடுவதில் கைதேர்ந்தவள் என்பதால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'டியூப்பக்கா' என்று பெயர்.

பரீட்சை முடிவு வந்தால் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். பயிருக்கு மருந்தடிக்கும் பருவத்தில் குடும்பச் சண்டைகள் வரும். தரை கழுவும் திரவத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த வீடுகளிலிருந்து குழந்தைகள் எந்நாளும் வருவார்கள். யார் வரப்போகிறார்கள் என்று டியூப்பக்காவுக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்து என்ன செய்ய? வந்த பிறகுதானே அவளுக்கு வேலை.

அப்படித்தான் அந்த மருமகளும் வந்தாள். மாமியாரோடு வாய்த்தகராறு; கோபத்தில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். உயிர் இழுபறியாகக் கிடந்து ஒருவழியாகப் பிழைத்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பும் நாளில் டியூப்பக்காவுக்குக் கால்கள் கெஞ்சின. எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று, பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"அம்மா, அந்த மருந்து வீட்ல எங்க இருந்துச்சு?"

"அடுப்படிச் சன்னல்ல," என்றாள் மாமியார்.

"மிச்சத்த வெளிய கொண்டு போயிடுங்க. தோட்டத்து மோட்டார் ரூம்ல பூட்டி வைங்க. சாவி உங்க மகன்கிட்ட இருக்கட்டும்."

"சாகணும்னு நெனச்சவ வேற வழி தேட மாட்டாளா, சிஸ்டர்?"

"பெரும்பாலும் தேடறதில்லம்மா. அந்த வேகம் கொஞ்ச நேரந்தான். அப்ப கைக்கு எட்டக் கூடாது. மனநல டாக்டர்கிட்டயும் விடாம கூட்டிட்டு வாங்க."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரோடு பேசியது போலிருந்தது டியூப்பக்காவுக்கு.

பல மாதம் கழித்து, கண் காட்ட வந்த அதே மாமியார், மாடிப்படி ஓரம் டீ குடித்துக்கொண்டிருந்த டியூப்பக்காவைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போன மாசம் மறுபடியும் முட்டிக்கிச்சு சிஸ்டர். எல்லாம் என் வாய்தான். அவ நேரா சன்னலுக்குத்தான் ஓடினா. அங்க ஒண்ணும் இல்ல. அப்படியே தரையில உக்காந்து அழுதா. நானும் பக்கத்துல உக்காந்துட்டேன்."

"நான் சொன்னதச் செஞ்சீங்களா?"

"நான் எங்க செஞ்சேன்? மொனகிட்டுதான் இருந்தேன். மகன்தான் தூக்கிட்டுப் போயி தோட்டத்துல பூட்டினான்."

சந்தோஷப்பட வேண்டிய இடம் என்று டியூப்பக்காவுக்குத் தெரிந்தது. உடம்பில் அதற்குத் தெம்பில்லை.

"இப்ப எப்படி இருக்கா?"

"டாக்டரப் பாக்க வர்றா. தையல் கடைக்கு வேலைக்குப் போறா. இன்னிக்குக் காலையிலயும் சண்டைதான்."

"சண்டை போடுங்க, பரவால்ல," என்றாள் டியூப்பக்கா. "கொஞ்சம் பாத்துப் போடுங்க."

மாமியார் சிரித்துவிட்டாள். அதற்குள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். டியூப்பக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மாமியாருக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் படி சரியாகத் தெரியவில்லை. கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுத்தான் வார்டுக்குப் போனாள்.