ஒரு கீறலுக்கு எவ்வளவு பெரிய சொல்?

1. திரும்பி வந்த லாரி

"டீச்சர், ஒரு லாரி சாமானும் திரும்பி வந்திருச்சு. நான் எழுதுன மெயிலாலதான்."

வகுப்பில் சேர வந்த அன்று முனியாண்டி என்னிடம் சொன்ன முதல் பேச்சே இதுதான். பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆங்கில நிலையம் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மட்டும் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற கையோடு இங்கே வந்தேன். இப்போது இதையும் விடப்போகிறேன். என் இடத்துக்கு வரப்போகும் இளம் ஆசிரியர்கள், "அட்வான்ஸ்ட் வக்காபுலரிய எப்படி மேடம் சொல்லிக் குடுக்குறது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முனியாண்டி கூலாய் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். சினாய் வட்டாரத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், ஷிப்ட் வேலையில் ஆரம்பித்து, தரம் பார்க்கும் கியூசி பகுதிக்கு வந்திருந்தார். சிங்கப்பூர் வாடிக்கையாளருக்குத் தரம் பற்றிய அறிக்கை எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது தற்காலிகப் பதவி. சரியாகச் செய்தால் கன்ஃபர்ம் பண்ணுவார்கள், இல்லாவிட்டால் பழையபடி ஷிப்ட்.

அவருக்கு வந்த முதல் வேலை, ஒரு மூடியில் விழுந்த மெல்லிய கீறலைப் பற்றி எழுதுவது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் அது தெரியும். நம்மவர் அதற்கு 'கேட்டஸ்ட்ரோபிக்', அதாவது பேரழிவு, என்று எழுதிவிட்டார். அடுத்த வரியில் 'டிப்ளோரபிள்'. முடிவில், நிறுவனமே 'டிவாஸ்டேட்டட்' ஆகி நொறுங்கிக் கிடப்பதாக ஒரு வருத்தம் வேறு. அதைப் படித்த சிங்கப்பூர்க்காரர்கள் பதறிப்போய் லாரியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மெயிலைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏன் இவ்ளோ பெரிய வார்த்தை போட்டீங்க?"

"ஸ்கூல்ல அப்படித்தானே டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க? பொம்பாஸ்டிக் வேர்ட்ஸ் போட்டாத்தான் மார்க்குன்னு."

நம் ஊரில் படித்தவர்களுக்கு இந்த வியாதியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. பரீட்சைக்கு முன்னால் வாயில் நுழையாத சொற்களாகப் பார்த்து மனப்பாடம் செய்து, கட்டுரையில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே சொருகிவிடுவோம். பள்ளியில் அதற்கு மார்க் விழும். வேலையில் லாரி திரும்பி வரும்.

அவருக்கு இந்தப் பதவி ஏன் முக்கியம் என்று கேட்டேன். சம்பளத்தைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"என் வைஃப் கலா சிங்கப்பூர்ல வேலை செய்றாங்க டீச்சர். எங்க உலு திராம் வீட்டுலேருந்து விடியறதுக்கு முன்னாடியே மோட்டர்சைக்கிள்ல கெளம்பணும். காஸ்வே பாலத்து ஜாம் தெரியும்ல? போன மாசம் வழியில கண்ணசந்து விழுந்துட்டாங்க. கை மட்டுந்தான் அடி. எனக்கு இது கன்ஃபர்ம் ஆச்சுன்னா அவங்க அந்த வேலைய விட்டுரலாம்."

புதன்கிழமை வகுப்பில் அவரைச் சேர்த்துக்கொண்டேன்.

2. மேசைமேல் கழிவுச் சாமான்

என் வகுப்பில் 'நைஸ்', 'குட்', 'பேட்' மூன்றுக்கும் தடை. யாராவது எழுதினால் சிவப்பு மையில் அடித்துவிடுவேன். பெரியவர்கள் என்று பார்ப்பதில்லை. இந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுள் முழுக்க ஆங்கிலம் பேசிவிடலாம், எதையும் சொல்லாமலேயே. முனியாண்டிக்கு இருந்தது அதற்கு நேர் எதிரான நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

அடுத்த புதன்கிழமை, தொழிற்சாலையில் ஒதுக்கிய பாகங்களில் கொஞ்சம் கேட்டு வாங்கி வரச் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். மூடிகள், கிளிப்புகள், பிடிகள். வகுப்பில் இருந்த எல்லோரும் சேர்ந்து அவற்றை வரிசையாக வைக்க வேண்டும்: மிகச் சின்னக் குறை இடது ஓரம், மிக மோசமானது வலது ஓரம். அந்த வரிசை முடிகிறவரை ஆங்கிலத்துக்கு வேலை இல்லை.

ஒரே சண்டை. முனை மழுங்கிய கிளிப்பை ஒருவர் வலது பக்கம் வைப்பார், இன்னொருவர் எடுத்து நடுவில் வைப்பார். "இது எதுக்கு மாட்டுறது? உள்ள மறைஞ்சிருமா, வெளிய தெரியுமா?" என்று கேட்டுக்கேட்டு நகர்த்தினார்கள். வரிசை ஒரு வழியாக நின்ற பிறகுதான் ஒவ்வொன்றின் கீழும் ஒரு சொல் எழுதி வைத்தேன். உரசலுக்கு ஸ்கஃப் என்று தொடங்கி, ஸ்க்ராட்ச், டென்ட், சிப், ஹேர்லைன் கிராக், முறிவுக்கு ஃப்ராக்சர் வரை. அப்புறம் வெள்ளைப்பலகையில் நீளமாக ஒரு கோடு போட்டு, குறையின் அளவைச் சொல்லும் சொற்களைக் கேட்டேன். நெக்லிஜிபிள், ஸ்லைட், நோட்டீசபிள், கன்சிடரபிள், சீரியஸ், சிவியர் என்று இடமிருந்து வலமாக வந்தது.

"டீச்சர், கேட்டஸ்ட்ரோபிக் எங்க வரும்?" என்று முனியாண்டி கேட்டார்.

"பலகை பத்தாது. கீழ டயர் கடை வரைக்கும் போகணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிலோமினா என்று ஒரு தாதி அந்த வகுப்பில் படித்தார். மாதா கோவில் பாடற்குழுவில் பாடுகிறவர் என்பதால் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும். "எங்க வார்ட்லயும் இதே கததான். ஒரு பேஷண்ட் ஊசி குத்துனாலும் உயிர் போகுதும்பாரு. அவருக்கு நெசமாவே மூச்சு நின்னா யாரு லா ஓடி வருவா?" என்றார். வலிக்கான சொற்களையும் அதே கோட்டில் எழுதச் சொல்லி, சோர், ஏக், ஆகனைசிங் என்று அவரே அடுக்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. புதுச் சொல்லை யார் கொண்டுவந்தாலும், பொருள் சொன்னால் மட்டும் போதாது. அந்தக் கோட்டில் அது எங்கே நிற்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். காட்டத் தெரியாவிட்டால் அந்தச் சொல் இன்னும் உங்களுடையதாகவில்லை.

முனியாண்டியின் அறிக்கைகள் மாறின. கீறல் 'ஸ்லைட்' ஆனது. நிறம் மங்கியது 'நோட்டீசபிள்' ஆனது. யாரும் 'டிவாஸ்டேட்டட்' ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து கேள்வி வருவதே குறைந்துவிட்டது என்று சொன்னார். கன்ஃபர்மேஷன் கடிதம் தயாராகிவிட்டதாம், மேனேஜர் கையெழுத்துதான் பாக்கியாம். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

3. "மைனர்னு போடு"

ஒருநாள் மதியம், நான் சமைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"டீச்சர், முனியாண்டி பேசுறேன். காலையில சாமான் அனுப்பிட்டோம். அதுல எடுத்து வச்ச சாம்பிள இப்பத்தான் செக் பண்ணேன். ஸ்க்ரூ ஓட்டைய சுத்தி கிராக் ஓடிருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல."

"என்ன பாகம்?"

"வீல்சேர் பிரேக் பிடி."

அடுப்பை அணைத்தேன்.

"மேனேஜர் என்ன சொல்றாரு?"

"மைனர் கிராக்னு போடு, அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாங்கிறாரு. போன தடவை நீ பெரிய வார்த்தை போட்டு லாரி திரும்புச்சு, இந்தத் தடவையும் திரும்புச்சுன்னா உன் லெட்டர்ல நான் கையெழுத்துப் போட முடியாது முனி, அப்படிங்கிறாரு." இயந்திரச் சத்தம் குறைந்தது, வெளியே நடந்து வந்திருப்பார். "இந்த மாசக் கடைசியோட நின்னுக்கிறேன்னு கலா அங்க சொல்லிட்டாங்க டீச்சர்."

சின்னச் சொல்லாகப் போடுங்கள் என்று அவருக்கு இத்தனை நாளும் பாடம் எடுத்தவள் நான். இப்போது மேனேஜரும் அதையே சொல்கிறார். கலாவை நான் பார்த்ததில்லை. ஆனாலும் கட்டுப் போட்ட கையோடு மோட்டார் சைக்கிளில் போகிற ஒரு பெண் கண் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தக் கோடு ஞாபகம் இருக்கா முனியாண்டி?"

"இருக்கு டீச்சர்."

"விரல் எங்க போகுது?"

"சீரியஸ்ல." பதில் உடனே வந்தது.

"அப்ப உங்களுக்கே தெரியுது. அப்படி எழுதி அனுப்புறதும் அனுப்பாததும் உங்க முடிவு. அத நான் சொல்லக் கூடாது. உங்க வீட்டு நெலம எனக்குத் தெரியும்."

"சரி டீச்சர்," என்று வைத்துவிட்டார். மறுபடி அடுப்பை மூட்டினேன், நினைப்பெல்லாம் அங்கேயே இருந்ததில் அன்று கறி தீய்ந்துபோனது. அதையேதான் சாப்பிட்டேன்.

4. ஒரே ஒரு தடவை

அவர் எழுதியதைப் பிறகு வகுப்பில் காட்டினார். நாலே வரி. விரிசல் எங்கே இருக்கிறது, பிடி உடைந்தால் சரிவில் நிற்கும் நாற்காலி என்னாகும், இன்று வந்த பாகங்களை எதிலும் பொருத்த வேண்டாம், பொருத்தியிருந்தால் வெளியே விட வேண்டாம். 'சீரியஸ்' என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்திருந்தது. நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

அனுப்பிய சற்று நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் அதிகாரி அவரைக் கூப்பிட்டிருக்கிறார். "உங்க ரிப்போர்ட்ட எல்லாம் படிச்சுட்டு வர்றேன். முதல் மெயிலுக்கு அப்புறம் நீங்க எதையும் பெருசாக்கினதே இல்ல. இன்னிக்குச் சீரியஸ்னு பாத்ததும் முதல்ல நாற்காலி பூட்டுற லைன நிறுத்திட்டேன், அப்புறந்தான் ஃபோன எடுத்தேன்," என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதாக முனியாண்டி சொன்னார். ஒரு நாற்காலிகூட வெளியே போகவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. மேனேஜர் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். கடிதம் வரவில்லை. மாதக் கடைசி வந்தது. கலா தன் முதலாளியிடம் போய், "இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கிறேன்," என்று கேட்டு மறுபடியும் அதே வேலையில் ஒட்டிக்கொண்டார். வகுப்பில் முனியாண்டியைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் மட்டும் வழக்கம்போல வந்து, புதுச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். ஒருநாள் பிலோமினா கேட்டேவிட்டார்: "அண்ணே, மைனர்னு போட்டுருக்கலாமோன்னு தோணலியா?"

"தோணுச்சு," என்றார். "தெனம் காலையில கலா கெளம்புறப்ப தோணும். அப்புறம் அந்தப் பிடிய நெனச்சுக்குவேன்."

சில வாரம் கழித்துச் சிங்கப்பூர்க்காரர்கள் தணிக்கைக்கு வந்தார்கள். போகும்போது, இனி இந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிற அறிக்கைகளை முனியாண்டியே எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்களாம். மறுநாள் மேனேஜர் கடிதத்தை நீட்டியிருக்கிறார். "முகத்தப் பாக்காமத்தான் குடுத்தாரு டீச்சர். பரவால்ல, கையெழுத்து இருக்கு."

5. தடை செய்த சொல்

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை கலாவே வந்து சேர்ந்தார். இப்போது உலு திராமிலேயே ஒரு மருந்துக் கடையில் வேலையாம், வாடிக்கையாளரிடம் ஆங்கிலம் பேச வேண்டுமாம். நான் கற்பனை செய்ததைவிட உயரமாக இருந்தார். கை நன்றாக ஆறியிருந்தது.

புதிதாக வருபவர்களிடம், இன்று காலை எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது என் பழக்கம். பலகையில் அந்தக் கோடு இருந்தது, அன்று அதில் சந்தோஷத்துக்கான சொற்கள், சின்னதிலிருந்து பெரியதுவரை. வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். கலா பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு எதையும் எடுக்காமல், குனிந்து இரண்டே வாக்கியம் எழுதி நீட்டினார்.

நான் விடிந்த பிறகு எழுந்தேன். அது நைஸாக இருந்தது.

வழக்கம்போலச் சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். இத்தனை வருடம் எத்தனையோ பேரின் தாளில் அடித்த சொல். அதற்குப் பதிலாக எதைப் போடச் சொல்லலாம் என்று பலகையைப் பார்த்தேன். அந்தக் காலைக்கு வலது பக்கம் இருந்ததெல்லாம் அதிகம், இடது பக்கம் இருந்ததெல்லாம் குறைவு.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சொற்களை நிறையக் கொடுங்கள், கூச்சப்படாமல் கொடுங்கள். ஆனால் ஒவ்வொன்றும் எந்த அளவுக்கு என்று தொட்டுக் காட்ட வையுங்கள். அதைக் கற்றுக்கொண்டவர் ஒருநாள் உங்கள் தடையை மீறி எழுதினால், அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். நான் பேனாவை மூடிவிட்டு, கலாவின் தாளைத் திருத்தாமலேயே திருப்பிக் கொடுத்தேன்.