அக்கா கையெழுத்திட மறுத்த கடலை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் எனக்கு விளங்கியதில்லை. பத்தாம் வகுப்போடு நின்று, காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்ட தம்பி நான். ஆகவே, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மேச்சேரிப் பக்கம், மழையை நம்பி வெள்ளாமை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா சீக்கிரமே போய்விட்டார். வீட்டு வேலையையும் என்னையும் கவனித்துக்கொண்டே படித்துப் பட்டம் பெற்றார். விதைகளில் காமா கதிரைப் பாய்ச்சி, பயிரின் மரபில் உண்டாகும் மாற்றங்களை ஆராயும் துறை அவருடையது. அவர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே அத்துறையில் வேறு பெண்களே இல்லை.

கதிர் பட்ட நிலக்கடலையைச் சோதிக்க அப்பா ஓர் ஏக்கர் கொடுத்தார். பக்கத்துக் காட்டுக்காரர் பதறி வந்தார்.

"ஏனுங்க, அந்த வெதையப் போட்டா மண்ணே கெட்டுப்போயிருமாமே?"

"கதிரு வெதையில தங்காதுங்க மாமா. எக்ஸ்ரே எடுத்த கையத் தொட்டா நம்மளச் சுடுதுங்களா?" என்றார் அக்கா.

மாமா சிரித்தார். ஆனாலும் அந்த வருடம் முழுக்கத் தன் ஆடுகளை அந்தப் பக்கம் விடவில்லை.

ஆயிரக்கணக்கான செடிகளில் ஒன்று முன்கூட்டியே விளைந்தது. பல தலைமுறை விதைத்துப் பார்த்தபின், அதைப் புதிய ரகமாக வெளியிட நாள் குறித்தார்கள். அந்தப் போகம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செடியைப் பிடுங்கினால், மண்ணுக்குள்ளேயே காய்கள் முளைவிட்டிருந்தன.

அக்கா அன்றே நிலையத்துக்குப் பஸ் ஏறினார். நானும் உடன் போனேன்.

"மகசூல் நல்லா இருக்கேம்மா. ஒரு மழைக்காக நிறுத்தணுமா?" என்றார் மேலதிகாரி.

"அந்த ஒரு மழையில குடியானவன் முழுகிருவானுங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

திரும்பும் வழியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வரவேண்டிய பதவி உயர்வும் பின்னர் வேறொருவருக்குப் போனது. அடுத்த விதைப்புப் பட்டத்துக்கே புதிதாக விதைகளுக்குக் கதிர் பாய்ச்சினார்.

வருடங்கள் ஓடின. தள்ளாத வயதில் அப்பா, மூன்று நாள் மழைக்குப் பின் அவற்றில் தேறிய புது ரகச் செடி ஒன்றைப் பிடுங்கி, காய்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுகூட மொளைக்கலியே சாமி!" என்று அக்காவைக் கூவி அழைத்தார்.

அந்த ரகத்தை வெளியிட முதல் கையெழுத்து அக்கா போட்டதுதான்.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் பழுதாகி என் வீட்டில் இருந்தார். பார்க்க வந்த மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கித் திருத்திக்கொண்டே இருந்தார். அந்த மாணவர்களுக்கும், பொறுமையாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி.

இறுதிச் சடங்கு நாளன்று கெங்கவல்லிப் பக்கமிருந்து ஒரு வேனில் முன்பின் தெரியாத விவசாயிகள் வந்து வரிசையில் நின்றார்கள்.

"இவங்க குடுத்த வெதையத்தாங்க நாங்க போடுறோம். மொகத்த இன்னிக்குத்தான் பாக்குறோம்" என்றார் அவர்களில் ஓர் அம்மா.

அன்றிருந்த நிலையில் அவர்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த நினைவு மலர் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், எங்கள் குடும்பத்தின் கும்பிடு அவர்களுக்கு.