காட்சி மாறும்போது பாடுகிறவள்

சலவைக்கடையில் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவள் முனகும் பாட்டுகள் வாடிக்கையாளர் எவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. மாலையில் நாடகக் கொட்டகையில் திரை விழுந்து, அவள் முன்னால் வந்து அதே பாட்டைப் பாடும்போது, அவர்களில் பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

கொட்டகையில் அவளுக்குத் திரையக்கா என்று பெயர். உள்ளே மாளிகை குடிசையாகவும் குடிசை ரயில் நிலையமாகவும் மாறி முடிகிற வரைக்கும் வெளியே நின்று பாடுவது அவள் வேலை. மாற்றுகிற ஆட்களுக்குத் தலைவன் அவள் கொழுந்தன். எல்லாம் தயாரானதும் அவன் பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் முடித்துக்கொண்டு ஒதுங்குவாள். லாரி ஓட்டும் புருஷன் வீட்டில் தங்கிய நாட்களைவிட இந்தத் தட்டுச் சத்தம் கேட்ட நாட்கள்தான் அவள் வாழ்க்கையில் அதிகம்.

பாட்டுகளைக் கட்டியவர்கள் மெட்டுக்காரரும் சொல்லுக்காரரும். மைத்துனர்கள். ஒரே அறையில் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சண்டை போட்டபடியே எழுதுவார்கள். அவர்களுடைய காதல் பாட்டுகள் பேருந்தில்கூட ஒலிக்கும். ஆனால் திரைக்கு முன்னால் பாடுகிற இந்தச் சின்னப் பாட்டுகளில்தான் அவர்கள் யாருக்கும் பயப்படாமல் எழுதினார்கள் என்பது அவள் கட்சி. இவற்றில் நாயகன் இல்லை, நிலா இல்லை. பல்வலிக்காரன் வருவான், வீடு தேடி அலுத்தவன் வருவான். "யாரும் கேக்கலைன்னா எவ்வளவு சுதந்திரம் பாரும்மா" என்று சொல்லுக்காரர் ஒருமுறை அவளிடம் சிரித்தார். இருவரும் இப்போது இல்லை.

அவர்கள் நினைவாக இரண்டு நாள் விழா என்று கொட்டகை முதலாளியின் மருமகன் அறிவித்தான். புதிதாக இயக்குநர் ஆகியிருந்தான். ஒத்திகையில் எல்லாரும் இருக்கும்போது சொன்னான்: "ரெண்டு பேரோட பிரபலமான பாட்டு மட்டும்தான். திரை முன்னால நானே வந்து அவங்களைப் பத்திப் பேசிடறேன். அக்கா, நீங்க வாசல்ல நின்னு எல்லாரையும் வரவேற்கணும்."

"அப்ப என் பாட்டு?"

"அது பாட்டாக்கா? சந்துல அடைக்கிற பஞ்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று சாப்பாடு போடும்போது கொழுந்தனிடம் கேட்டாள்.

"நாளைக்கு அந்த ரயில் நிலையம் கனமா இருக்குமோ?"

அவன் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "எவ்வளவு கனமா இருக்கணும் அண்ணி?"

"புது இயக்குநரு வேர்க்கிற அளவுக்கு."

மறுநாள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றாள். சொல்லுக்காரரின் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவோட குடைப் பாட்டு உண்டா அக்கா? வீட்டுல முகம் கழுவும்போது அதைத்தான் பாடுவாரு. அதுக்காகத்தான் வந்தேன்." உண்டு என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது பட்டியலில் இல்லை என்பது உறைத்தது. நேராக உள்ளே போய் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டாள்.

முதல் திரை விழுந்தது. மருமகன் புதுக் கோட்டில் வெளிச்சத்துக்கு வந்தான். நன்றாகவே பேசினான். மெட்டுக்காரர் கடல் என்றான், சொல்லுக்காரர் வானம் என்றான். கடைசியில் கையை அகல விரித்து, "இதோ, திரை விலகுகிறது" என்றான்.

விலகவில்லை.

உள்ளே நான்கு ஆட்கள் ரயில் நிலையப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வராத ரயிலுக்குக் காத்திருப்பவர்களைப் போல. மருமகன் மறுபடியும் கடலிலிருந்து ஆரம்பித்தான். வானத்துக்கு வந்தான். "இதோ, திரை விலகுகிறது."

"எங்க?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. கொட்டகை குலுங்கியது.

அவன் திரையின் இடுக்கில் வாயை வைத்தான். "என்னப்பா ஆச்சு?"

"ஆணி இறங்க மாட்டேங்குது சார்."

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது ஆணிக்குத்தான் தெரியும் சார்."

பக்கத் தட்டியின் மறைவில் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காதோரம் வேர்வை இறங்குவது தெரிந்தது. காய்ந்த தொண்டையில் தண்ணீர் இறங்குவது போல இருந்தது அவளுக்கு. இன்னும் கொஞ்சம் நிற்கட்டும். வானத்துக்கு இன்னொரு தரம் போய் வரட்டும். பார்க்க வந்தவர்கள் எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். போகட்டும்.

அப்போது முன்வரிசையில் சொல்லுக்காரரின் மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அதற்குமேல் நின்று ருசிக்க முடியவில்லை. விறுவிறுவென்று வெளியே வந்தாள். "தள்ளி நில்லுங்க தம்பி." ஆரம்பித்தாள்.

*ஒரு குடைக்குள்ள ரெண்டு பேரு,*
*நனையிற தோளு யாரோடது?*
*உன்னோடதுன்னு அவன் சொன்னான்,*
*உன்னோடதுன்னு இவன் சொன்னான்.*
*குடையை மூடி வழக்குப் பேசி*
*நாலு தோளும் நனைஞ்சு போச்சு.*

மகள் நின்றபடியே கேட்டாள். பிறகு பையோடு உட்கார்ந்தாள். எந்த வரியிலும் நின்றுவிடலாம், எந்த வரியிலிருந்தும் கிளம்பலாம் என்று கட்டப்பட்ட பாட்டு அது. ஆணி எப்போது இறங்கும் என்று தெரியாதவர்களுக்காக இரண்டு மேதைகள் மெனக்கெட்டுச் செய்தது. டீக் கோப்பையோடு திரும்பியவர்கள் வாசலிலேயே நின்றார்கள். உள்ளிருந்து இரண்டு தட்டு கேட்டது. குதிகாலால் பலகையை ஓங்கி மிதித்தாள்: இரு. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் மருமகன் முழு வெளிச்சத்தில் நின்றான். அவனைப் பார்த்தே இன்னொரு சுற்றுப் பாடினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினாள்.

ஆட்டம் முடிந்து அவள் பவுடரைத் துடைக்கும்போது அவன் ஒப்பனை அறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கு நீங்களே பாடிடுங்கக்கா."

"ஏன் தம்பி, நல்லாத்தானே பேசினீங்க. ரெண்டு தரம் பேசினீங்க."

அவன் போகவில்லை. "அந்த மாதிரி வேற பாட்டும் இருக்கா?"

"கொள்ளை இருக்கு."

"ஒண்ணு பாடிக் காட்டுங்களேன்."

நிஜமாகவே கேட்டான், அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்ததும் கோபம் இன்னும் கூடத்தான் செய்தது. காதுக்குப் பின்னால் மிச்சமிருந்த பவுடரை நிதானமாகத் துடைத்தாள்.

"நாளைக்கு டிக்கெட் எடுத்து உக்காந்து கேளுங்க. நடுவுல டீக்கு எழுந்திருக்காதீங்க."