மச்சான் கொண்டு வந்த பால்

என் மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பிறகு ஒருநாள், இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீடு என்றதும் பயந்துபோனேன். ஆஸ்பத்திரியில் என்ன ஆனாலும் ஓடிப்போய்க் கூப்பிட ஓர் ஆள் இருக்கும். வீட்டில் என்னை விட்டால் வேறு யாரும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது.

பயந்தது போலவே நடந்தது. ஒரு காலையில் கஞ்சியை வடிகட்டி ஸ்பூனில் கொடுத்தேன். அது உள்ளே இறங்காமல் மூச்சுக்குள் போய்விட்டது. அவள் கண் பிதுங்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முதுகில் தட்டத் தெரிந்ததே தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. எப்படியோ அடங்கியது. சுவரில் சாய்ந்து நெடுநேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "வலியக்கூட பொறுத்துக்குவன். மூச்சு முட்டி மட்டும் போவக் கூடாது. பாத்துக்குங்க."

சொல்லிவிட்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வது? நான் ஐந்தாவது வரை படித்தவன். பீங்கான் கம்பெனியில் அச்சுகளுக்குள் மண்குழம்பு ஊற்றும் வேலை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால்கூடக் கேட்காமல் குடித்துவிட்டு வருகிறவன்.

வீடு வீடாக வந்து நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஒருவர்தான் ஓர் இல்லத்தைப் பற்றிச் சொன்னார். கடலூர் போகிற சாலையில் இருக்கிறது, குணமாக்குகிற இடம் இல்லை, கடைசிக் காலத்தில் வலி இல்லாமல் வைத்திருப்பார்கள், நீங்களும் கூடவே தங்கலாம் என்றார். இதை டீக்கடையில் ஒருவரிடம் சொன்னது என் தப்பு. அங்கே போனால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "போவும்போது ரெண்டு டிக்கெட்டு, வரும்போது ஒண்ணு" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனாலும் கூட்டிப் போனேன். மறுபடியும் அவள் கண் அப்படிப் பிதுங்குவதைத் தனியாகப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

உள்ளே ஆஸ்பத்திரி வாடை இல்லை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கவில்லை. ஜன்னலோரம் கட்டில், கீழே எனக்கு ஒரு பாய். முதல் நாள் அங்கிருந்த சிஸ்டர் ஒரு மருந்தை அவள் நாக்குக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விட்டார். வலிக்கான மருந்து, வலி வந்த பிறகு கொடுப்பதில்லை, வருவதற்கு முன்னாலேயே வேளைக்கு வேளை கொடுக்க வேண்டும் என்றார். அவள் தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை. டீக்கடையில் சொன்னது இதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், நான்தான் கொன்றேன். அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் கண் விழித்தாள்.

"என்னா இப்பிடி பாக்குறீங்க, போயிட்டன்னு நெனச்சீங்களா? தலைய சீவி வுடுங்க" என்றாள்.

அதன் பிறகு சில நாட்கள் நன்றாகவே போயின. அப்புறம் அவள் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டாள். சிஸ்டரும் இனி ஆகாரம் வேண்டாம், பஞ்சை நனைத்து உதட்டை மட்டும் ஈரமாக வைத்தால் போதும் என்றார். பட்டினி போடுகிறோமா என்று கேட்க நினைத்து, கேட்க முடியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சாப்பிடாததால அவங்க போவல அண்ணா. போவற நேரம், அதனால ஒடம்பு சாப்பாடு வேணாங்குது. இப்ப எதையாவது ஊத்துனா நொரையீரலுக்குத்தான் போவும்" என்றார். எங்கள் வேலையில் அச்சு தண்ணீரை உறிஞ்சினால்தான் மண்குழம்பு இறுகும். ஈரம் ஏறிய அச்சில் எவ்வளவு ஊற்றினாலும் அது தண்ணீரை இழுக்காது. குழம்பு குழம்பாகவே கிடக்கும். அதைப் போல என்று நினைத்துக்கொண்டேன். புரிந்தது. புரிந்ததால் பயம் குறையவில்லை.

மறுநாள் அவளுடைய அண்ணன் வந்தார். நல்லூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறவர், குரல் பெரிது. எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி நான் மறுத்த விஷயம் ஒன்றுகூட இல்லை. கையில் தூக்குவாளி. தன் வீட்டு மாட்டுப் பால். போகிற உயிருக்குப் பிறந்த வீட்டுப் பால் ஊற்றினால்தான் தவிக்காமல் போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. சிஸ்டர் வேறு அறையில் இருந்தார்.

மச்சான் தங்கையைப் பார்த்தார். தம்ளரில் பாலை ஊற்றிக்கொண்டு, "மாப்ளே, தலைய கொஞ்சம் தூக்கிப் புடி" என்றார்.

நான் பிடித்தேன். என் கை பழக்கத்தில் போய்விட்டது. அவள் தொண்டையில் மூச்சு கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. தம்ளர் சாய்ந்து விளிம்பு வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் எவ்வளவு விழும் என்று எனக்குத் தெரியும். ஊற்றுவதுதானே என் வேலை. தலையை மெதுவாகத் தலையணையில் விட்டுவிட்டு விரல்களை அகட்டி, அழுத்தாமல், என் உள்ளங்கையால் அவள் வாயை மறைத்தேன்.

"என்னாய்யா பண்ற?"

"வேணாம் மச்சான்."

"என்னா வேணாம்?"

"முழுங்க மாட்டா. மூச்சு முட்டும். அது மட்டும் வேணாம்னு என்கிட்ட சொல்லி வெச்சிருக்கா."

அவர் முகம் கறுத்தது. தங்கச்சிக்குப் பாலூற்றக்கூட விடவில்லையா என்று ஊர் கேட்டால் என்ன சொல்வேன், நீ சொல்வாயா என்று கேட்டார். அடிப்பாரோ என்று நினைத்தேன். ஊற்றவிடாமல் செய்கிற பாவம் என் தலையில் ஏறுகிறதே என்றும் பயந்தேன். கையை மட்டும் எடுக்கவில்லை. அவள் மூச்சு, சூடாக, மெலிசாக, என் விரல்களுக்கு நடுவில் வந்து போய்க்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு சிஸ்டர் வந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. பஞ்சு எடுத்து மச்சானுடைய தம்ளரிலேயே நனைத்து, நன்றாகப் பிழிந்து, அவர் கையில் கொடுத்தார். "ஒதட்டுல தடவுங்கய்யா. அது போதும்."

நான் கையை எடுத்தேன். மச்சான் குனிந்தார். மேலுதட்டில் ஒருமுறை, கீழுதட்டில் ஒருமுறை தடவினார். அவள் நாக்கு நுனி லேசாக அசைந்தது. மச்சான் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தூக்குவாளி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

மூச்சு நின்று நின்று வரும், பயப்படாதீர்கள் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் பயந்தேன். விடியும் நேரத்தில் நின்றது, மறுபடி வரவில்லை. கண் பிதுங்கவில்லை. என் சட்டையை யாரும் இழுக்கவில்லை. அது முடிந்துவிட்டதா என்றுகூட நெடுநேரம் தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் கிடத்தியிருந்தபோது, ஊரிலிருந்து வந்த பெரியம்மா ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாள், பாலு ஊத்துனீங்களா என்று. மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஊத்தியாச்சு. மாப்ள தலையண்ட இருந்தாரு, நான் ஊத்துனன்."