மாமா பூட்டி வைத்த படங்கள்

என் அக்காவின் வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை. பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் அவர் வைத்திருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பத்துத் தடவை தப்பாகப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று மாமா பெருமையாகச் சொல்வார். இதில் என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அப்போதே எரிச்சலாக வரும். அதற்குள் இருந்தவை அக்காவின் தலை ஸ்கேன் படங்கள்.

அக்காவின் மூளையில் கட்டி என்று தெரிந்தபோது, அவர்கள் மகளுக்குப் பூ வைத்து இருபது நாள்கூட ஆகவில்லை. தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாகூர். "கல்யாணம் முடியற வரிக்கும் ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது" என்றார் மாமா. எங்கள் பக்கம் ஸ்கேன் சென்டரின் பெரிய கவரோடு பஸ் ஏறினால் போதும், இறங்குவதற்குள் "இன்னாம்மா, யாருக்கு இன்னா?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். அதனால் சென்னையில் எடுத்த படங்களை அவர் ஃபிலிமாக வாங்கவில்லை, சிடியாக மட்டும் வாங்கினார். அதை டிஸ்க்கில் ஏற்றிப் பூட்டிவிட்டு, சிடியை உடைத்துத் துண்டுகளைத் தனித்தனி இடத்தில் எறிந்தார். கொலை செய்தவன்கூட அவ்வளவு கவனமாக இருக்க மாட்டான். விஷயம் தெரிந்தது அக்கா, மாமா, நான் என்று மூன்றே பேருக்கு.

இரண்டு மாதம் மாத்திரையிலேயே ஓடியது. ஒருநாள் காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கை கால் இழுத்து விழுந்துவிட்டாள். கடலூர் ரோட்டில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புதிதாக ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பழைய படத்தைக் கேட்டார். "ரிப்போர்ட் பேப்பர் போதாதும்மா. ஒரு மணிக்கு எல்லா டாக்டரும் உக்காந்து பாப்பாங்க. எவ்வளவு வளந்திருக்குன்னு ஒப்பிட்டாத்தான், நாளைக்கே ஆபரேஷனா, காத்திருக்கலாமான்னு சொல்ல முடியும்."

மாமா நிம்மதியாக டிஸ்க்கை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரிக் கணினியில் செருகியதும் பூட்டைத் திறக்கிற சின்ன புரோகிராம் மட்டும் தெரிந்தது. அதை அழுத்தினால், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வந்தது. மாமா தன் பாஸ்வேர்டைப் போட்டார். ஏற்கவில்லை. "உங்களோடது இல்ல சார், இந்தக் கம்ப்யூட்டரோடது. அது எங்களுக்கே தெரியாது. ஐ.டி. ஆளுக்குத்தான் தெரியும், அவர் இன்னிக்கு லீவு" என்றார் டாக்டரம்மா. மாமாவுக்கு முகம் வெளுத்துப்போனது. வீட்டில் அவர் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டிருந்த கணினி போன வாரம்தான் இடி விழுந்து செத்திருந்தது. அவருக்குக் கம்பெனி கொடுத்த லேப்டாப்பிலும் அதே பெட்டிதான் வந்தது. எதிரே ஜெராக்ஸ் கடைக்கு ஓடினோம். அங்கேயும் அதே கதை. கடை முதலாளி கடலூர் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. சென்னை சென்டரில் கேட்டதற்கு, படத்தை மறுபடி அனுப்ப இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மணி பன்னிரண்டு.

அடுத்து எனக்குத் தெரிந்த ஒரே இடம் பாகூரில் இருந்த கல்யாண வீடியோ ஸ்டுடியோ. சொந்தக் கணினி, சொந்தக்காரரே உட்கார்ந்து வேலை செய்வார். ஆனால் அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. "வேற எடமே இல்லியாம்மா?" என்றார் மாமா. எனக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா வேணுமா, சம்மந்தி வேணுமா? ஏறுங்க மாமா வண்டியில" என்று கத்திவிட்டேன். ஸ்கூட்டியை நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் கண்ணாடிக் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்மந்தி, இன்னா இந்த நேரத்துல?" என்று வரவேற்றவர், ஒரு டிஸ்க்கை அவசரமாகத் திறக்க வேண்டும் என்றதும் வேறெதுவும் கேட்காமல் தன் பாஸ்வேர்டைப் போட்டு வழிவிட்டார். புரோகிராம் ஓடியது. இப்போது மாமாவின் பாஸ்வேர்டு. உடம்பால் கீபோர்டை மறைத்துக்கொண்டு தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். தப்பு. ஆஸ்பத்திரியில் போட்டதும் அந்தப் பத்துத் தடவைக் கணக்கில் வருமா வராதா என்று எனக்குத் தெரியாது. "மெதுவா மாமா, மெதுவா" என்றேன். மூன்றாவது முறை திறந்தது. படம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றை அழுத்தினார். கல்யாண ஜோடிகளைப் பார்க்கும் அந்தப் பெரிய திரை முழுக்க ஒரு மண்டை ஓடு. கீழே அக்காவின் பெயர்.

"யாரு சம்மந்தி இது?"

மாமா திரும்பவே இல்லை. "எம் பொண்டாட்டி" என்றார். ஸ்டுடியோக்காரர் புது பென் டிரைவைப் பிரித்து, படங்களைத் தானே அதில் போட்டு, என் கையில் திணித்தார். "மொதல்ல ஓடுங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்."

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். இரண்டே மாதத்தில் கட்டி இரண்டு மடங்காகப் பெருத்திருந்தது. மறுநாளே ஆபரேஷன் என்றார்கள்.

அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். நானும் மாமாவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர்கள் கொண்டுவந்திருந்ததோ பழமும் ஃபிளாஸ்க்கில் கஞ்சியும். "நோவு நொடி யாருக்குத்தான் வரல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா கூட வந்து நின்னிருப்போமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அப்போதுதான் சென்னை ஹாஸ்டலிலிருந்து அவர்கள் மகள் வந்தாள். அம்மாவுக்கு லேசான மயக்கம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். மாப்பிள்ளை அவளுக்குப் போன் செய்து கட்டியைப் பற்றி விசாரித்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

"ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு பூட்டி வச்ச, சரி. நான் ஊராப்பா?" என்றாள்.

என்னைப் பார்த்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். தையில் சொன்ன தேதியில் கல்யாணமும் நடந்தது. மகள் தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், தானும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள். போன மாதம் அவளுக்குக் கரு கலைந்திருக்கிறது. பதினைந்து நாள் கழித்து, பாகூர் கடைத்தெருவில் எதிரே வந்த அந்த ஸ்டுடியோக்காரர் "பொண்ணு இப்ப எப்டி கீது?" என்று கேட்டபோதுதான் மாமாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர் அவளுக்குப் போன் போட்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டியாம்மா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.