குளிரூட்டிய கூடத்தில் ஒரு படகு

எங்கள் கம்பெனிக்கும் அந்த நகராட்சிக்கும் இடையிலான பராமரிப்பு ஒப்பந்தத்தில் படகு என்ற சொல் எங்குமே இல்லை. ஏசி உண்டு, விளக்குகள் உண்டு, கழிவறைக் குழாய், கண்ணாடி துடைப்பது, பூச்சி மருந்து எல்லாம் உண்டு. அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நிற்கும் பழைய முத்துக்குளிப்புப் படகைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது.

நான் அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். குடும்பத்தோடு நகரத்தில் கராமா பகுதியில் குடியிருந்தேன். கம்பெனி வண்டியில் கடலோரமாக அந்தச் சிறிய ஊருக்குப் போய்வருவேன். வளைகுடாவின் முத்து வணிகத்தைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்திருந்ததால் அந்த சைட்டை நானாகவே கேட்டு வாங்கியிருந்தேன்.

அருங்காட்சியகப் பொறுப்பாளரை எல்லோரும் முதீர், அதாவது மேலாளர், என்றே அழைத்தோம். ஐம்பது தாண்டிய உள்ளூர்க்காரர். அந்தப் படகு அவருடைய பாட்டனாருடையது. கொட்டகையில் கிடந்ததை விற்றுவிடலாம் என்று தம்பிகள் சொன்னபோது, நகராட்சி நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி இவர்தான் எழுதிக் கொடுத்தார். தம்பிகள் பெருநாள்தோறும் பிள்ளைகளுடன் வந்து படகைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அன்று மட்டும் அவர் காலையிலேயே வந்து வாசலில் நிற்பார்.

ஏப்ரலில் கூடத்தின் ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் இயந்திரம் நின்றுபோனது. மார்ச் கடைசி என்று எங்கள் ஆபீசில் சொல்வார்கள். அது தவறு; பெருநாள் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் திங்கட்கிழமை அது. எங்கள் ஏசி டெக்னீஷியன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சுபோச்சுண்ணே. இதோட பார்ட்ஸ் இப்ப எவனும் செய்யிறதில்ல."

"வேற வழி?"

"புதுசுதான். மரத்துக்கு மெஷின் கேக்குறோம். நம்ம லேபர் கேம்ப்ல மனுசனுக்கே ஏசி பாதி நேரம் ஓடல."

புதுசு என்றால் நகராட்சிக் கணக்கில் அது பராமரிப்பு அல்ல, சொத்து. மாதாமாதம் எங்களுக்கு வரும் பணம் இருப்பதை ஓட்டுவதற்கு மட்டும். சொத்து வாங்க அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன், பழையது உதவாது என்று ஒரு கமிட்டி வந்து பார்க்க வேண்டும். வாசலில் வாங்கும் டிக்கெட் பணம் நேராகப் பொது நிதிக்குப் போய்விடும். அதில் ஒரு திர்ஹம்கூட அருங்காட்சியகத்துக்குத் திரும்பாது. ஆகவே கூட்டம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். புதிய கவர்ச்சிகளுக்கென்று சுற்றுலாப் பிரிவில் தனிப் பணம் இருந்தது. ஆனால் ஈரப்பத இயந்திரத்தின் பக்கத்தில் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை.

மின்சாரச் செலவைக் குறைக்கச் சொல்லி வந்த உத்தரவின்படி மாலையில் ஏசியை நிறுத்திவிடுவோம். இரவெல்லாம் கடல் ஈரம் உள்ளே வரும், படகின் பலகைகள் உப்பும். பகலில் குளிர் அவற்றை உலர்த்தும். எப்போதும் மிதமாக ஓடட்டும் என்று நான் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. பகலிலாவது கூடத்தைக் கடும் குளிராக்காமல் பார்த்துக்கொண்டோம். உடனே புகார்கள் வந்தன. இங்கே ஒரு கட்டடம் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது என்பதற்கு ஒரே சாட்சி, உள்ளே நுழைந்ததும் உடம்பு சிலிர்க்க வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனிக்கு அபராதம். முதீர்தான் நகராட்சியில் பேசி அவற்றைத் தள்ளுபடி செய்யவைத்தார்.

ஆகஸ்ட் கடைசியில், பள்ளிகள் திறந்த வாரத்தில்தான் கமிட்டி வருவதாகச் செய்தி வந்தது. இயந்திரத்தைப் பார்ப்பார்கள், சுற்றுலாப் பிரிவின் மேலதிகாரியான பெரியவரும் கூட வருகிறார். முந்தின நாள் முதீர் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் பேசிக்கொள்வது உடைந்த இந்தியும் கொஞ்சம் அரபியும்.

"நாளைக்குக் கூடம் நல்லா குளிரணும் பாய்."

"படகு தாங்காது முதீர். மெஷினும் இல்ல."

"தெரியும். எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு தணிந்த குரலில், "வேர்த்துக்கிட்டு நிக்கிறவன் பணம் குடுக்க மாட்டான். ஒரு நாள்தான். அப்புறம் கலாஸ், கவலை முடிஞ்சுது, மெஷின் வந்துரும்."

எனக்கும் வேறு யோசனை தோன்றவில்லை. டெக்னீஷியன் அன்று மாலை ஏசியை நிறுத்தவே இல்லை. வெப்பநிலையை இருப்பதிலேயே குறைந்த அளவில் வைத்தார். காலையில் உள்ளே போனபோது என் மூக்குக் கண்ணாடியே சில்லென்றிருந்தது.

கமிட்டி மதியம் வந்தது. பெரியவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். "மாஷா அல்லா, நல்லா வச்சிருக்கீங்க" என்றார். முதீர் இயந்திரத்தைக் காட்டினார். நகராட்சி இன்ஜினியர் அதை எட்டிப் பார்த்தார்.

"இது இல்லாமலே இவ்வளவு குளிருதே. அப்புறம் எதுக்கு?"

ஈரம் வேறு, குளிர் வேறு என்று முதீர் அரபியில் நெடுநேரம் விளக்கினார். யாருக்கும் புரியவில்லை என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பெரியவர் அதற்குள் சுவரைக் காட்டி வேறு ஏதோ பேச ஆரம்பித்திருந்தார். அங்கே பெரிய திரை வைத்து, அலையும் முத்துக்குளிப்பும் ஓடவிடலாம், அதற்குப் பணம் இருக்கிறது என்றார். பேரீச்சம்பழமும் கஹ்வாக் காப்பியும் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வண்டிகள் போன சிறிது நேரத்தில் கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்தது போல. நாங்கள் போய்ப் பார்த்தபோது, படகின் வலப்பக்கம் ஒரு பலகை ஆணி வரிசையை ஒட்டி நீளவாக்கில் பிளந்திருந்தது. விரலை நுழைக்கலாம். முதீர் நுழைத்துப் பார்த்தார்.

டெக்னீஷியன் என் காதருகே வந்தார். "டிகிரிய ஏத்தவாண்ணே?"

நான் முதீரைப் பார்த்தேன். அவர் விரலை எடுக்காமலே, "இப்ப மாஃபி ஃபாய்தா" என்றார். இனி பயனில்லை.

அக்டோபரில் அவர் படகைத் திருப்பிக் கேட்டு எழுதினார். தம் செலவிலேயே தச்சர்களை வைத்துச் சரிசெய்வதாகச் சொன்னார். நகராட்சிச் சொத்தைத் தனியாருக்குக் கொடுக்க விதி இல்லை என்றார்கள். சரிசெய்யவும் பட்ஜெட்டில் அதற்கென்று தலைப்பு இல்லை. டிசம்பரில் திரை வந்தது. அதற்கு இருட்டும் இடமும் வேண்டியிருந்ததால் படகைப் பின்சுவர்வரை தள்ளினோம். தள்ளும்போது இன்னும் இரண்டு பலகைகள் விட்டுப்போயின. திறப்பு விழாவுக்குப் பிறகு முதீர் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, கடை லைசென்ஸ் புதுப்பிக்கும் பிரிவுக்குப் போய்விட்டார்.

அடுத்த பெருநாளில் நான் டூட்டியில் இருந்தேன். அவருடைய தம்பிகள் பிள்ளைகளுடன் வந்தார்கள். பிள்ளைகள் திரைக்கு முன்னால் அலையில் குதிப்பது போல் விளையாடினார்கள். மூத்த தம்பி பின்சுவரருகே போய்ப் படகைப் பார்த்தார். திரும்பி வந்து அண்ணன் எங்கே என்று என்னிடம் கேட்டார். இப்போது இங்கே இல்லை என்றேன். அவர் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.