நாற்பத்தெட்டாம் நாள் வலம், வேட்டி இல்லாமல்

இறைவன் ஆடையின்றிக் காட்டில் நடந்தான் என்பதை நான் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகப் பாடி வந்திருக்கிறேன். கையில் ஓடேந்தி, மேனியில் பாம்பன்றி வேறொன்றும் பூணாமல், வெறுங்காலோடு தாருகாவனத்தில் அவன் பிச்சைக்கு வந்ததையும், முனிவர்தம் மனைவியர் அவனைக் கண்டு வளை கழல நின்றதையும் பண்ணோடு பாடும்போது என் கண் பனிக்கும். ஆனால் அந்தக் காட்டில் முள் இருந்திருக்குமா, காலைக் குளிர் முதுகில் எப்படி இறங்கியிருக்கும், களைத்தால் எதன்மேல் உட்கார்ந்திருப்பான் என்றெல்லாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தது கலிபோர்னியா.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நானும் என் மனைவியும் ஃப்ரீமான்ட்டில் இருந்த மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போயிருந்தோம். மருமகள் கருவுற்றிருந்தாள். முன்பொரு முறை கரு தங்காமல் போனவள். இம்முறையும் ஐந்தாம் மாதத்தில் ஏதோ சிக்கல் கண்டு, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தொலைபேசியில் பேசினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் குரல் அவளுடையது. அப்படிப்பட்டவள் பேச்சே இல்லாமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்தபடியே இருப்பாள். எங்கள் எவரையும் அவள் ஒன்றும் கேட்பதில்லை.

என்னால் ஆனது ஒன்றுதான். ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் மரங்கள் அடர்ந்த சிறு குன்றொன்று பூங்காவாக இருந்தது. அதை நாள்தோறும் ஒரு முறை, காலணியின்றி, பதிகம் பாடியபடி வலம் வருவதென்று நேர்ந்துகொண்டேன். விதிகளையும் நானே வகுத்தேன். தொடங்கிய இடத்தில்தான் முடிக்க வேண்டும். நடுவில் திரும்பினால் அது வலம் ஆகாது, இடம் வந்ததாகிவிடும். ஆகவே திரும்பக் கூடாது. நானே நனைத்து உலர்த்திய துணியன்றிப் பிறர் உடுத்த துணி உடம்பில் படலாகாது. ஒரு நாள் தவறினாலும் முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பத்தெட்டாம் நாளுக்கும் நாங்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையே ஒன்பது நாள்களே இருந்தன. தவறினால் மீண்டும் தொடங்க நாள் இல்லை.

"அட்லீஸ்ட் ஒரு ஷூவாவது போட்டுக்கோங்கப்பா. அங்க ராட்டில்ஸ்நேக் எல்லாம் இருக்கு" என்றான் மகன், முதல் நாள்.

"பாம்பைக் கழுத்துல போட்டுக்கிட்டவரைப் பாடிட்டுப் போறாரு, அவரைப் பாம்பு என்னடா பண்ணும்? நீ ஆபீஸுக்குக் கெளம்பு" என்றாள் என் மனைவி. அவள் என்னை ஆதரிக்கும் முறை எப்போதும் சிறிது கேலி கலந்ததாகவே இருக்கும்.

நாற்பத்தேழு நாள்கள் பழுதின்றிச் சென்றன. உள்ளங்கால் தடித்தது. ஓடுகிறவர்களும் நாயோடு வருகிறவர்களும் எனக்குக் கை காட்டத் தொடங்கினார்கள். அந்நாள்களில் பாதையோரம் ஒரு செடி என் உள்ளத்தைக் கவர்ந்தது. ஒரு காம்பில் மூன்று இலைகள், எண்ணெய் பூசியது போன்ற பளபளப்பு, தளிரில் இளஞ்சிவப்பு. அந்நாட்டுக் கடைகளில் கறிவேப்பிலை வரைக்கும் கிடைத்தது. வில்வம் மட்டும் கிடைக்கவில்லை. வில்வம் மரமாயிற்றே, இது புதராக இருக்கிறதே என்ற ஐயம் எழாமலில்லை. மண்ணுக்கேற்ப உருவம் மாறியிருக்கும் என்று அமைதி கண்டேன். பூங்காவின் வாசலில் இருந்த பலகையில் அதே மூவிலையின் படத்தைப் பெரிதாக வரைந்து, கீழே சிவப்பு எழுத்தில் ஏதோ எழுதியிருந்தார்கள். படிக்கும் கண்ணாடியை நான் வலத்துக்கு எடுத்துச் செல்வதில்லை. இந்நாட்டாரும் இவ்விலையின் அருமை அறிந்திருக்கிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. 'பறிக்காதே' என்று எழுதியிருக்கலாம். ஆனால் இறைவனுக்காகத்தானே பறிக்கப் போகிறோம் என்று தேற்றிக்கொண்டேன். நிறைவு நாளன்று நூற்றெட்டு மூவிலைகள் கொய்து, வீட்டிலுள்ள சிறு லிங்கத்துக்குச் சாத்துவதென முடிவு செய்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் சனிக்கிழமை. மகன் காரில் கொண்டுவந்து இறக்கி, "முடிச்சிட்டு வாங்க, இங்கேயே வெயிட் பண்றேன்" என்று நாளிதழை விரித்தான். கால் பங்கு வலம் முடிந்த இடத்தில் அச்செடி காடாக மண்டியிருந்தது. பாடிக்கொண்டே கொய்தேன். வேட்டியின் முன்பக்கத்தை மடியாகக் கட்டி அதில் நிரப்பினேன். முதல் இலையையும் நூற்றெட்டாம் இலையையும் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

"அசையாதீர்கள்!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். என்னைவிட மூத்த தம்பதியர் இருவர் நின்றிருந்தார்கள். தலையில் தொப்பி, முதுகில் பை, காலில் கனத்த பூட்ஸ், கையில் ஊன்றுகோல். வேறு ஒன்றுமில்லை. நான் கண்களை மூடிக்கொண்டேன். அமெரிக்காவிலும் திகம்பரத் துறவிகள் இருக்கிறார்கள் போலும் என்பதே என் முதல் எண்ணம். ஆனால் துறவிகள் கறுப்புக் கண்ணாடி அணிவார்களா?

"ஐயா, அது நச்சுச் செடி. பாய்சன் ஓக்" என்றார் அம்மையார். "நான் நாற்பது ஆண்டு நர்ஸாக இருந்தவள். சொன்னால் கேளுங்கள்."

"இது எங்கள் இறைவனுக்கு உரிய இலை" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"உங்கள் இறைவனுக்கு அது ஒத்துக்கொள்ளலாம். உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது."

ஆலகாலத்தையே உண்டவனாயிற்றே, அவனுக்கு ஒத்துக்கொள்ளும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. பலகையில் எழுதியிருந்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கிற்று.

"வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று அவர் கேட்டார். மருமகளைப் பற்றிச் சொன்னேன். அம்மையாரின் குரல் மாறிவிட்டது. "அப்படியானால் இந்தத் துணி வீட்டுக்குப் போகக் கூடாது. அந்த இலையின் எண்ணெய் துணியில் மாதக்கணக்கில் தங்கும். படுத்திருக்கும் பெண்மேல் அது பட வேண்டுமா? எல்லாவற்றையும் கழற்றுங்கள். அதோ, அந்த ஓடையில் குளித்தாக வேண்டும், இப்போதே."

எவளுக்காக இந்த வலமோ அவளுக்கே என் வேட்டியால் கேடு வரும் என்றால் மேற்கொண்டு பேச்சென்ன? பாறைக்குப் பின்னால் போய் வேட்டியை அவிழ்த்தேன். இலை நிறைந்த மடி கோவணத்தின்மேல்தான் அழுந்திக் கிடந்தது. ஆகவே அதுவும் போயிற்று. உருத்திராக்க மாலையை மட்டும் கழற்ற மறுத்து, அவர் தந்த சோப்பால் அதையும் சேர்த்துக் கழுவினேன். ஆடையின்றி நீராடலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. ஓடையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நீராடினேன். தண்ணீர் பனிக்கட்டி போலிருந்தது. அதற்குள் அம்மையாரின் கணவர் ஊன்றுகோலால் என் துணிகளைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

"வந்த வழியே திரும்பினால் வாசல் கால் மணி நேரம்" என்றார் அவர். "சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். இந்தாருங்கள், என் துண்டு."

பாறைக்குப் பின்னால் நின்றபடி சிந்தித்தேன். திரும்பினால் வேண்டுதல் முறிந்தது. துண்டைக் கட்டினாலும் முறிந்தது. களைத்த இடங்களில் அவர் விரித்து உட்கார்ந்து எழுந்த துண்டு அது. ஆடையின்றி முன்னே நடந்தால்? நான் வகுத்த விதிகளை ஒவ்வொன்றாக நினைவில் புரட்டினேன். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்படியொன்று நேரும் என்று யார் கண்டார்கள்?

"சுற்றியே போகிறேன்" என்றேன்.

இப்படி ஆடையின்றிக் காட்டில் நடப்பது அவர்களுக்கு வாரயிறுதி வழக்கமாம்; துணை கிடைத்ததில் மகிழ்ந்து உடன் வந்தார்கள். முதல் நூறடியில் என் பெருங்கவலை கைகளைப் பற்றியதாக இருந்தது. பதிகம் பாடுகையில் அவை தாளமிடும். உருகும் இடத்தில் தலைமேல் குவியும். இப்போது அவற்றுக்கு வேறு பொறுப்பு வந்துவிட்டது. பாட்டும் தாளமின்றித் தடுமாறிற்று. இரண்டாம் பதிகத்தில் ஒரு கையை விடுவித்தேன். மூன்றாவதில், உருகும் இடம் வந்தபோது, இரண்டும் தாமாகவே தலைக்குமேல் போய்விட்டன. பின்னர் அவற்றைக் கீழே கொண்டுவர எனக்கே தோன்றவில்லை. எழுபது ஆண்டுகளாக வெயில் காணாத இடங்களை வெயில் தொட்டது. காற்று, எவரிடமும் அனுமதி கேட்காமல், எங்கும் சென்றுவந்தது. வெட்கம் என்பது பெரிதும் நின்றுகொண்டிருக்கும்போது வருவது என்றும், நடக்க நடக்க அது பின்தங்கிவிடுகிறது என்றும் அன்று கண்டேன். கொசு மட்டும் பின்தங்கவில்லை.

என்ன பாடுகிறேன் என்று அவர்கள் கேட்டார்கள். காட்டில் ஆடையின்றி நடந்த இறைவனைப் பற்றிச் சொன்னேன். கணவர் நின்றுவிட்டார். "இப்படி ஒரு கடவுளை வைத்துக்கொண்டா ஐந்து கஜத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டார். என் கடவுள் வெறுங்காலோடு நடந்தான் என்பதையும் கேட்டு, அவர் தம் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தார். முப்பது அடி நடந்தார். முப்பத்தோராவது அடியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, தம் மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் மறந்து சில சொற்கள் சொல்லிவிட்டு, மீண்டும் அணிந்துகொண்டார்.

வளைவொன்றில் எதிரே ஒரு பெண்மணி வந்தார். முழு உடை அணிந்தவர். தாருகாவனத்து மகளிரின் நிலை என் நெஞ்சில் வந்துபோயிற்று. அவர் எங்கள் மூவரையும் நோக்கிக் "குட் மார்னிங்" என்றார். பிறகு அவர் பார்வை கீழே, வெகு கீழே இறங்கிற்று. "ஓ மை காட்! வெறுங்காலோடா நடக்கிறீர்கள்?" என்று பதறினார். அவர் கையிலிருந்த கடிகாரம் கழலவில்லை.

முடிவில் வாசல் தெரிந்தது. மகன் காரில் சாய்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தான். நாங்கள் வருவதை நிமிர்ந்து பார்த்தான். மரியாதையுள்ள பிள்ளையாதலால் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு உருத்திராக்கம் நினைவுக்கு வந்ததோ, பாட்டு காதில் விழுந்ததோ, மெல்லத் திரும்பினான்.

"அப்பா? ஐயோ, அப்பா! என்னப்பா இது! வேஷ்டி எங்கப்பா?"

"நச்சுச் செடி. பிறகு சொல்கிறேன்."

"கார்ல ஏறுங்க! சீக்கிரம் ஏறுங்கப்பா, போலீஸ் வந்துடும்! இந்தாங்க, என் ஜாக்கெட்!"

"உன் ஜாக்கெட் ஆகாது. தொடங்கிய இடம் இன்னும் இருபது அடி இருக்கிறது."

"இருபது அடியா? அங்க ஒரு சர்ச் குரூப்பே பிக்னிக் டேபிள்ல உக்காந்திருக்குப்பா!"

நான் நடந்தேன். அவன் என்ன செய்வான், பாவம்! காரின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைத்திருந்த வெள்ளி நிற மடிப்பு அட்டையைப் பிடுங்கி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, சர்ச்சுக்காரர்கள் இருந்த பக்கமாக என்னோடு பக்கவாட்டில் ஓடிவந்தான். வெயிலில் அது பளீரென்று மின்னியது. அதுவரை எங்களைக் கவனிக்காதவர்களும் கவனித்தார்கள். தொடங்கிய கல்லைத் தொட்டு, கடைசிப் பாடலை முடித்து, விழுந்து வணங்கினேன். வணங்கும்போது அட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் அவன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

மறுநாள் காலையில் இரண்டு கண்களும் வீங்கி மூடிக்கொண்டன. கைகளிலும் வயிற்றிலும் கொப்புளம். உடம்பெங்கும் இளஞ்சிவப்பு மருந்தைப் பூசினார்கள். ஆனால் எரிச்சலைவிட என்னை அதிகம் அரித்தது மனைவியின் தீர்ப்பு.

"இது செல்லாதுங்க" என்றாள். "இடுப்புல ஒரு முழத் துணி இல்லாம சாமியைச் சுத்தினா அது வேண்டுதலா? மொதல்லேர்ந்து சுத்தணும்."

"ஒன்பது நாள்தானே இருக்கிறது!"

"அதை எலையைப் பறிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

அவள் சொல்வதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல இயலவில்லை. அன்று முழுதும் அதே எண்ணமாக இருந்தேன். மருமகளுக்காக வேண்டிக்கொண்டது அரைகுறையாக நின்றுவிட்டதென்றால் என்ன ஆகும்?

மாலையில் மருமகள் அறையிலிருந்து, "மாமா, இங்க கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் வந்தது. அருகில் போக எனக்குத் தடை. கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் சுவர்ப்பக்கமிருந்து இப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பது, வீங்கிய கண்ணிடுக்கு வழியே மங்கலாகத் தெரிந்தது.

"அவர் சொன்னாரு. எனக்குச் சரியா புரியலை. நீங்க சொல்லுங்க, மொதல்லேர்ந்து."

சொன்னேன். பூட்ஸைக் கழற்றியவர் வரையில் அவள் அடக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளி அட்டை வந்ததும் வெடித்துவிட்டாள். இரண்டு மாதங்களாக அவ்வீட்டில் கேட்காத ஒலி அது. என் மனைவி அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, அவளைப் போய் இப்படிச் சிரிக்க வைக்கறீங்களே! ஏடாகூடமா ஏதாவது ஆயிடப் போகுது!"

"ஒண்ணும் ஆகலை அத்தை, உள்ள உதைக்குது" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மாமா, இந்த வேண்டுதல் யாருக்கு? எனக்குத்தானே? அப்போ செல்லுமா செல்லாதான்னு நான்தான் சொல்லணும். செல்லும். ஃபுல் மார்க்."

என் மனைவி கரண்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"அந்த நர்ஸம்மாவைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே மாமா. எப்படி இருந்தாங்க?"

"நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

"முக்கால் மணி நேரமாவா?" என்றாள் என் மனைவி.